சார்ஜன்ட் சவரிமுத்து எங்கள் பிள்ளை அல்ல

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மறந்துபோனதாக நினைக்காதே, கோந்து மேசையில்தான் இருக்கிறது. உன் அண்ணனோடு ஒரே படையில் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த காதரிடம் இதைக் கொடுத்து, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் யார் கேட்டாலும் வாசிக்கக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். நீ நம் சந்தியில் கருங்கல்லில் ஒரு பொய்யை வெட்டி நிறுத்தப் போகிறாய். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதை வாசிக்க வேண்டும், நான் மட்டும் ஒட்டிய உறைக்குள் உனக்கு இரகசியமாகப் பதில் எழுத வேண்டுமா? வெள்ளவத்தையில் உன் அறையில் கூட இருக்கும் கிளாக்கர்மார் இதைப் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த மாதம் கலியாணம் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தகப்பன் எழுதுகிற கடிதமா இது என்று கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு இப்போது வாழ்த்து எழுத வரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை உன் அம்மா நினைவுக்கல்லைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரை விலக்கும்போது கூட்டமாக இருக்கும், வெள்ளைக்கார ஜெனரல் வருவார், நம்மைப் போன்றவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்கள், அதற்கு முதல் ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கல்லறைகள் இருக்கிற சேமக்காலை மதிலுக்குப் பின்னால் பியதாச பாஸின் கல் வெட்டும் கொட்டிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல் படுக்க வைத்திருந்தது. நம் வட்டாரத்திலிருந்து சண்டைக்குப் போய்ச் செத்தவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக இருந்தார்கள், பதவிப்படி. கப்டன் மேலே, மற்றவர்கள் கீழே. செத்த பிறகும் ஆள் ஆளுக்குப் படி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் நான் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரியில் "சார்ஜன்ட் சவரிமுத்து" என்று இருந்தது. என் வாய் அதை வாசித்த பிறகுதான் என் மண்டைக்கு அது ஏறியது.

அம்மா தலையை ஆட்டினாள். "அது வேற ஆற்றையோ பிள்ளை. எங்கட பிள்ளையின்ர பேரைப் பாருங்கோ."

நான் கீழே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். வேறு சவரிமுத்து இல்லை. அவள் விடவில்லை. "வடிவாப் பாருங்கோ. குசினி, சமையல் எண்டு போட்டிருப்பினம்" என்று கல்லின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அங்கே எழுத்தே இல்லை. பியதாச பாஸுக்கு நாங்கள் என்ன தேடுகிறோம் என்று விளங்கவில்லை. வேலையில் ஏதோ குறை கண்டுவிட்டோம் என்று பயந்து, "மாத்தயா, என்ட பிழை இல்ல. முந்தித் தந்த கடதாசி சரியில்ல எண்டு சொல்லி உங்கட சின்ன மகன்தான் வேற கடதாசி தந்தது" என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினார். உன் கையெழுத்து. சின்ன வயதில் பலகையில் நான் பிடித்து எழுதப் பழக்கிய கையெழுத்து. முந்திய கடதாசியில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அதை நிரப்பியவனே நான். பெயர், படை எண், செய்த வேலை: சமையல். நினைவுக்கல் கமிட்டியில் நீ செயலாளருக்கு உதவியாக இருக்கிறாய், கொண்டுபோய்க் கொடு என்று நம்பி உன்னிடம் தந்தேன். அன்று வீட்டுக்கு வந்த பிறகு அம்மா என்னோடு கதைக்கவில்லை. நானும் உன் கூட்டு என்று நினைத்துவிட்டாள். நான் கூட்டில்லை என்று அவளை நம்ப வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நேற்றுக் கலியாணக் கார்டுகளோடு வந்தாய். புது வேட்டி, வாசனைப் பவுடர், முகமெல்லாம் சிரிப்பு. நான் கேட்டதும் உன் முகம் கொஞ்சமாவது மாறும் என்று பார்த்தேன். நீ கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னாய்:

"இதில ஆருக்கு என்ன நட்டம் அப்பா? அண்ணைக்கு ஒரு மரியாதைதானே."

"அவனுக்கு எது மரியாதை எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"பொம்பிளை வீட்டில கேட்டவை, அண்ணை படையில என்னவா இருந்தவர் எண்டு. அவளின்ர தகப்பன் கோட்டில வழக்குப் பாக்கிற புரொக்டர். அந்த மனிசனுக்கு முன்னால குசினி எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? சார்ஜன்ட் எண்டு வாயில வந்திட்டுது. பிறகு பாத்தால், கல்லுக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். கல்லில வேற மாதிரி இருந்தால் என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

வாயில் வந்துவிட்டதாம்! வாந்தியா அது, தானாக வருவதற்கு? பாலைவனத்தில் இரத்தம் சிந்திய அண்ணனுக்கு நீ இங்கே கதிரையில் இருந்துகொண்டு பதவி உயர்வு கொடுக்கிறாயா? நான் கத்தத் தொடங்கினேன். அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "நீங்களும் அந்த நேரம் அப்பிடித்தானே சொல்லித் திரிஞ்சனீங்கள்?" என்றாய். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்பா தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நீயும் போய்விட்டாய். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம். ஓம், நானும் அப்படித்தான் சொன்னேன். அதனால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

உனக்கு ஏழு வயதில் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மூன்று மாதம் பாயோடு கிடந்தாள். நான் துறைமுகத்தில் சாமான் கணக்கெடுக்கும் கிளாக்கர். விடியப் போனால் பொழுது படத்தான் வருவேன். எனக்குச் சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாலு வயதுச் சவரிதான் அடுப்பை மூட்டினான். முதல் கிழமை சோறு குழைந்தது, சொதி திரைந்தது. இரண்டாம் மாதம் அவன் வைத்த சூடைமீன் குழம்பை உன் அம்மா பாயில் கிடந்தபடியே நக்கிப் பார்த்துவிட்டு, நான் செத்தாலும் இந்த வீடு பட்டினி கிடக்காது என்று அழுதாள். உனக்கு முள் எடுத்து ஊட்டியவன் அவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்கள் போய்வருகிற ஒழுங்கைப் பக்கம் இருக்கிற குசினி யன்னலை அடைத்து வைத்தேன். கேட்டவர்களிடம் ஊரிலிருந்து ஒரு மாமி வந்து சமைக்கிறாள் என்று சொன்னேன். ஆம்பிளைப் பிள்ளை அகப்பை பிடிக்கிறான் என்று தெரிந்தால் என் கிளாக்கர் மானம் போய்விடும் என்று நினைத்தேன். புகைக்குள் நின்று இருமி இருமித்தான் அவன் அந்த மூன்று மாதமும் சமைத்தான்.

பள்ளிக்கூடச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்ட பிறகு அவன் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சமைக்கப் போனதும், நான் அவனோடு ஏழெட்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். சண்டை தொடங்கி ஆள் எடுத்தபோது அவன் படையில் சேர்ந்தது எனக்காகத்தான். சட்டை, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. ஒழுங்கையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "எந்தப் பிரிவு தம்பி?" என்று கேட்டேன். "குசினியில போட்டிருக்கினம் அப்பா, என்ர சமையலைப் பாத்திட்டு..." என்று சிரித்துக்கொண்டு தொடங்கினான். அவன் சொல்லி முடிக்க முதல் நான் வாசல் கதவைச் சாத்தினேன். மற்ற நாள் சலூனில் தலைமயிர் வெட்டிக்கொண்டு, என் மூத்தவன் பீரங்கிப் படையில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னேன். அங்கே சொன்னால் கொச்சிக்கடை வரைக்கும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி. அவன் எகிப்துக்குப் போன பிறகு நான் அவனுக்கு ஐந்து கடிதம் எழுதினேன். நம்ப மாட்டாய், ஆனால் எழுதினேன். கதவைச் சாத்தியதற்கு மன்னிப்புக் கேட்டும் எழுதினேன். நம் ஒழுங்கையில் கடிதம் எப்படித் தபாலுக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். முனைக்கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வருவோம். தபால்காரர் வந்து எடுக்கும் வரைக்கும், பாண் வாங்க வருகிறவன், பீடி வாங்க வருகிறவன் எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்காகவே, ஐந்து உறையிலும் அவன் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் "பீரங்கிப் படை" என்று எழுதினேன். அவனுடைய படை எண்ணைப் போட்டால் சமையல் பகுதி என்று விவரம் தெரிந்த யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதையும் விட்டுவிட்டேன். உள்ளே மகனுக்கு எழுதினேன், வெளியே ஒழுங்கைக்கு எழுதினேன்.

அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. உனக்கு நான் அதை முழுதாக வாசித்துக் காட்டவில்லை. "அப்பா, இங்கே எல்லாருக்கும் வீட்டிலிருந்து கடிதம் வருகிறது. எனக்கு ஒன்றுகூட வரவில்லை. நான் குசினியில் இருப்பதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்" என்று எழுதியிருந்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கப்பல் சுணங்கியிருக்கும் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு தந்தி வந்தது. தந்திக்கு நாலு மாதம் கழித்து, என் ஐந்து கடிதங்களும் ஒரு சணல் நூலால் கட்டித் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பென்சிலால் "பீரங்கிப் படை" வெட்டப்பட்டு, இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதியிருந்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. அந்தக் கட்டை வாசலில் வாங்கி வந்து என் கையில் தந்தவன் நீ. ஏன் திரும்பி வந்தது என்று கேட்டாய். சண்டைக் காலம், எல்லாம் குழப்பம் என்றேன். அது பொய். என் பிள்ளை, தகப்பன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டே செத்தான். நான் அவனுக்குக் கொடுத்த பதவி உயர்வின் பலன் அது. இப்போது நீ இன்னொன்று கொடுக்கிறாய்.

அவன் எப்படிச் செத்தான் என்று காதர் வந்து சொல்லும்போது நீ வேலைக்குப் போயிருந்தாய். பிறகு நானும் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. சமையல் லொறியை ஓட்டியவன் காதர். முன்னால் பாதை போட்டுக்கொண்டிருந்த நம் நாட்டு ஆட்கள் இருபது பேருக்கு ஒன்றரை நாளாகச் சாப்பாடு போகவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்ததால் லொறி போகக் கூடாது என்று உத்தரவு.

"லொறி போவேலா எண்டுட்டாங்க வாப்பா" என்றான் காதர். "அப்ப இவர் என்ன செஞ்ச தெரியுமா, ரெண்டு வாளி எடுத்தாரு. ஒண்டுல சோறும் டின் இறச்சியும் சம்பலும், மத்ததுல தேத்தண்ணி. நான் சட்டையப் புடிச்சி இழுத்தன். பசிச்சவனுக்கு உத்தரவு விளங்குமாடா எண்டு கேட்டுட்டு நடந்தாரு. போய்க் குடுத்துட்டுத் திரும்பியும் வந்தாரு. வந்தவரு சும்மா இரிக்கல்ல. அதுல எட்டுப் பேருக்கு வயிறு நிறையல்ல எண்டு இன்னொரு வாளி கொண்டு போனாரு. அந்தப் பயணம் போனவருதான் திரும்பி வரல்ல. அவர்ட கையால திண்ட இருபது பேரும் உசிரோட ஊருக்கு வந்துட்டாங்க."

காதர் இதைச் சொல்லிக்கொண்டு என் முன்னால் ஏங்கி ஏங்கி அழுதான். நான் அழவில்லை, வெட்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த நாள் சலூனுக்குப் போனேன். இருந்தவர்கள் எல்லாருக்கும் முன்னால், என் மகன் பீரங்கிப் படையில் இருக்கவில்லை, குசினிக்காரனாக இருந்து சோறு கொண்டுபோகும்போது செத்தான் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாதி முகச்சவரத்தோடு இருந்த ஒரு துறைமுகத் தொழிலாளி எழுந்து என் கையைப் பிடித்தான். நான் இத்தனை வருடமாகப் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

இப்போது நீ அந்த இரண்டு வாளியையும் அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, சட்டைக் கையில் சார்ஜன்ட்டின் மூன்று பட்டி தைத்து அனுப்புகிறாய். யோசித்துப் பார். அந்த இருபது பேரில் யாராவது இந்தச் சந்தியால் போகும்போது கல்லில் அவன் பெயரைத் தேடினால், அங்கே இருப்பது யார்? தங்களுக்குச் சோறு கொண்டுவந்தவன் இல்லை, யாரோ ஒரு அதிகாரி. அப்படி ஒரு சார்ஜன்ட் எந்தப் படையிலும் இருக்கவில்லை. இல்லாத ஒருவனுக்கு நீ கல் நாட்டுகிறாய், இருந்தவனை இரண்டாம் தரம் புதைக்கிறாய். உன் கமிட்டியின் கண்ணுக்குச் சமையல் ஒரு வேலையாகப் படவில்லை. துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று என் கண் முன்னால் செத்த கூலியாட்களும் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. அவர்களில் ஒருவன் பெயரும் அந்தக் கல்லில் கிடையாது. கேட்டால், அவர்கள் படைச் சட்டை போட்டவர்கள் இல்லையே என்கிறார்கள். வெள்ளைக்காரன் போகப் போகிறான், நாங்கள் நாட்டை ஆளப் போகிறோம் என்று சந்திக்குச் சந்தி கூட்டம் வைத்துக் கத்துகிறீர்கள். அவன் விட்டுப் போகிற ஏணியில் யார் எந்தப் படியில் நிற்பது என்றுதான் இங்கே அடிபாடு நடக்கிறது. படித்த பிள்ளைகள் நீங்கள்! உங்களுக்கு நான் என்ன சொல்ல?

உன் கலியாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று அவள் உன் அம்மாவோடு கீழே பாயில் இருந்து கதைத்தாள், அது நடிப்பில்லை. அப்படிப்பட்டவளிடம் உன் அண்ணனைப் பற்றி ஏன் மறைக்கிறாய்? ஒரு பொய்யோடு வீட்டுக்குள் போனால் அதைக் காவல் காக்கவே உன் காலம் போய்விடும். நான் குசினி யன்னலை அடைத்தேன், பிறகு வாசலைச் சாத்தினேன், பிறகு உறையில் பொய் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதை மறைப்பதற்காகச் செய்தது. உன் மாமனாருக்குச் சமையற்காரனின் தம்பி வேண்டாம் என்றால் அவர் இப்போதே சொல்லட்டும். ஆனால் நீ அவரைக் கேட்கவே இல்லை. உன் வெட்கத்தை நீயே அவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்குப் பயப்படுவதாகச் சொல்கிறாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒழுங்கை என்ன சொல்லும் என்று பயந்தேன். ஒழுங்கை எழுந்து வந்து என் கையைப் பிடித்தது.

இன்று காலை பியதாச பாஸைப் போய்ப் பார்த்தேன். அந்த வரியைக் கொத்தி எடுத்துவிட்டு வேறு வெட்டலாம், அந்த இடம் கொஞ்சம் பள்ளமாகத் தெரியும் என்றார். தெரியட்டும் என்றேன். வியாழக்கிழமை வரைக்கும் பொறுப்பார். ஆனால் நான் கடதாசி கொடுக்கவில்லை. நீ கொடுத்த கடதாசியை நீதான் மாற்ற வேண்டும். உன் கையால் "சமையற்காரன்" என்று எழுதிக் கொடு. எழுதும்போது உன் கை கூசினால், ஏழு வயதில் யார் உனக்கு முள் எடுத்து ஊட்டியது என்று உன்னையே கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் செபம் சொன்ன பிறகு ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்க அந்தந்த வீட்டார் எழுந்து போய்ப் பூமாலை வைக்க வேண்டும் என்பது உங்கள் கமிட்டியின் ஏற்பாடு. நாங்கள் இரண்டு பேரும் வருவோம். காதரும் வருவான். சமையற்காரன் சவரிமுத்து என்று கூப்பிட்டால் அம்மா முன்னால் போவாள், நானும் நீயும் பின்னால் போவோம். சார்ஜன்ட் என்று கூப்பிட்டால் நாங்கள் எழும்ப மாட்டோம். இதை நான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நேற்று நீ போன பிறகு அவளாகவே சொன்னாள். ஜெனரல் பார்ப்பார், உன் மாமனார் பார்ப்பார், கொட்டாஞ்சேனை முழுக்கப் பார்க்கும். பெற்றவர்கள் இரண்டு பேரும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, அந்தச் சார்ஜன்ட்டுக்கு நீ தனியாக நடந்து போய் மாலை போடு.

இப்படிக்கு,
குசினிக்காரன் சவரிமுத்துவுக்கும் உனக்கும் தகப்பன்.